அத்தை ரிஜெக்ட் பண்ணிட்டாங்க

"பாய், இத மாத்திக் குடுங்க. அத்தை ரிஜெக்ட் பண்ணிட்டாங்க."

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற மருந்துக் கடையில், ஜோசுவா ஒரு சின்ன பொட்டலத்தைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தான். கடைக்காரர் ஆபித் பாஷா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைப் பார்த்தார்.

"மாத்திரைல இன்னாபா ரிஜெக்டு? அர மணி நேரம் முந்தி நீதானே வந்து கேட்ட, அத்தைக்குக் குடல் ஆபரேஷன், கேஸ் வேணும்னு?"

"கேஸ் இல்ல பாய், காஸ். புண்ணுமேல வெச்சுக் கட்டுற வலைத்துணி."

"அத அப்பவே விளக்கமா சொல்றதில்ல? குடல் ஆபரேஷன்னா எல்லாரும் கேஸ் போறதுக்குத்தான் கேப்பாங்க."

"அத்தை கேட்டாங்க பாய், ‘மாப்பிள்ள, புண்ணு வெளியதான இருக்குது, இத முழுங்கினா உள்ளேருந்து வந்து ஒட்டிக்குமா’ன்னு."

ஆபித் பாஷா சிரித்துவிட்டார். ஜோசுவாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் சிரித்து நாலு மாதம் ஆகியிருந்தது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசராக இருந்தவன் ஜோசுவா. பத்தொன்பது வருஷம். தோலை மேஜையில் விரித்தால், எந்தப் பக்கம் இழுக்கும், எந்தப் பக்கம் இழுக்காது, எங்கே பேட்டர்னை வைத்து வெட்டினால் துண்டு வீணாகாது என்று கையாலே சொல்லிவிடுவான். வெளிநாட்டு ஆர்டர் கம்மியானதும் கம்பெனி நாற்பது பேரைக் கூப்பிட்டு, கை குலுக்கி, வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அந்த நாற்பதில் இவனும் ஒருவன்.

முதல் மாதம் நாலு கம்பெனி ஏறி இறங்கினான். இரண்டாவது மாதம் இரண்டு கம்பெனி. மூன்றாவது மாதம் சவரம் செய்வதை விட்டுவிட்டான். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவன்தான். தெருவில் யாராவது பார்த்து "இன்னா ஜோசுவா, லீவா?" என்று கேட்டுவிடுவார்களோ என்று பால் வாங்கக்கூடப் போகமாட்டான். அவன் மனைவி சோபனா வேறொரு கம்பெனியில் தையல் லைனில் வேலை செய்தாள். வீடு அவள் சம்பளத்தில் ஓடியது.

அப்போதுதான் பேர்ணாம்பட்டில் தனியாக இருந்த சோபனாவின் அம்மா சவுரியம்மாளுக்குக் குடல் அடைத்துக்கொண்டது. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்துச் சரிசெய்தார்கள். குடல் சரியாகிவிட்டது. வயிற்றுத் தையல்தான் கீழ்ப்பக்கம் கொஞ்சம் பிரிந்துகொண்டது. "இத மறுபடி தைக்கக் கூடாது. உள்ளேருந்து மெள்ள ஆறி மேல வரணும். தினமும் சுத்தம் பண்ணிக் கட்டணும், ஒரு மாசம் ஆவும்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். சோபனா அம்மாவை ஆம்பூருக்குத் தன் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டாள்.

கட்டுப் போட ஆள் கிடைத்துவிட்டது. பக்கத்துத் தெரு உமைமா ஒரு நர்சிங் ஹோமில் நர்ஸ். மத்தியான ஷிப்டுக்குப் போகும் வழியில் வந்து கட்டிவிட்டுப் போவதாகச் சொன்னாள். சோபனாவால் லீவு போட முடியாது. ஆக, சாமான் வாங்கிவருவது ஜோசுவாவின் வேலையானது.

சாமான் வாங்குவது என்ன பெரிய வேலை என்று நினைக்கலாம். மாமியார் யாரென்று தெரிந்தால் நினைக்கமாட்டோம். சவுரியம்மாள் இருபத்தாறு வருஷம் ஷூ கம்பெனியில் க்யூசி செக்கர். தைத்து வந்த துண்டில் நூல் கால் இழை பிசகியிருந்தாலும், அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாகத் தள்ளிவிடுவாள். ரிட்டையர் ஆனபோது மிச்சமிருந்த ஸ்டிக்கர் அட்டையைக் கையோடு கொண்டுவந்துவிட்டாள்.

ஜோசுவா மாற்றி வாங்கிவந்த காஸ் துணியை அவள் படுத்தபடியே ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"மாப்பிள்ள, இங்க பாருங்க. இந்தப் பக்கம் கண்ணி பெருசு, அந்தப் பக்கம் சின்னது. ஓரத்துல பிசிறு. இது புண்ணுல ஒட்டிக்கினா நாளைக்கு உரிக்கிறப்ப உயிரு போய்டும்."

"அத்த, பஞ்சுத் துணிதானே?"

"தோலும் தோலுதான். அதுக்குன்னு கம்பெனில எல்லாத்தையும் பாஸ் பண்ணீங்களா?"

சிவப்பு அம்பு ஒட்டப்பட்டது. ஜோசுவா மறுபடி படியிறங்கினான்.

நியாயமாகச் சொன்னால், அன்றைக்கு அவள் சொன்னது சரிதான். உமைமாவும் பார்த்துவிட்டு, "இது சாதா ரோலுண்ணா. கிருமி இல்லாம பாக்கெட்ல சீல் பண்ணது வேணும்" என்றாள்.

சீல் வைத்த பாக்கெட் வந்தது. அடுத்த பேஜார், டேப்.

வெள்ளை பிளாஸ்டர் போட்டால் தோல் சிவந்துபோகிறது. காகித டேப் போட்டால் ஆம்பூர் வெயிலுக்கு வேர்த்து, சாயங்காலத்துக்குள் கட்டு நழுவி இடுப்புக்கு வந்துவிடுகிறது. இரண்டு நாள் யோசித்த ஜோசுவாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒட்டுகிற விஷயத்தில் ஷூ கம்பெனிக்காரனைவிடத் தெரிந்தவன் யார்? பழைய தோஸ்த் ஒருவனைப் பிடித்து, ஷூ மேல்தோலை மடித்து ஒட்டுகிற டேப்பில் ஒரு சுருள் வாங்கிவந்துவிட்டான்.

உமைமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது இன்னாண்ணா?"

"சூப்பர் டேப்பு. மழைல நனைஞ்சாலும் பிரியாது."

"அப்படியா? கையக் காட்டுங்க."

முழங்கைக்குக் கீழே ஒரு துண்டு ஒட்டினாள். ஐந்து நிமிஷம் கழித்து ஒரே இழுப்பு. ஜோசுவா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரம்மா ஓடிவந்து, "சவுரியம்மாவுக்கு ரொம்ப வலியா?" என்று கேட்டாள். டேப்போடு கையின் முடி மொத்தமும் வந்திருந்தது. நாலு விரல் அகலத்துக்கு அந்த இடம் பளபளவென்று இருந்தது.

"தோலு நல்ல ஃபினிஷிங் வந்திருக்குது மாப்பிள்ள" என்றாள் சவுரியம்மாள்.

டேப்பே வேண்டாம், வயிற்றைச் சுற்றிப் பெல்ட் போட்டுவிடலாம் என்றாள் உமைமா. "வயித்துக்குப் பெல்ட்டுன்னு கேளுங்க, கெடைக்கும்." ஆபித் பாஷா கடையில் அன்று ஸ்டாக் இல்லை. வேலூருக்குப் போனால்தான் உண்டு. ‘தோல் ஊர்ல இருந்துகினு பெல்ட்டுக்கு வேலூர் போறதா?’ என்று ஜோசுவாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அளவு எடுத்து, வெட்டு அவனே வெட்டி, தெரிந்த இடத்தில் தைத்து, மறுநாளே கொண்டுவந்தான். அசல் எருமைத் தோல், ஒரு சாண் அகலம், பித்தளை பக்கிள் மூன்று.

சவுரியம்மாள் அதைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்த சோபனா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாம்மா இது, குஸ்திக்குப் போறியா?"

"தையல் நல்லாருக்குது. வெட்டு ரொம்ப நல்லாருக்குது. ஆனா மூச்சு விட முடியலடி" என்றாள் சவுரியம்மாள். அதற்கும் ஒரு அம்பு ஒட்டினாள்.

வெட்டு நல்லாயிருக்கிறது என்று அவள் சொன்னதை ஜோசுவா அன்று படுக்கும்போது இரண்டு தடவை நினைத்துக்கொண்டான்.

இப்படியே மூன்று வாரம் போனது. ஒருநாள் மறுபரிசோதனைக்காக வேலூர் போனார்கள். உமைமாவும் துணைக்கு வந்தாள். பெண்கள் பகுதிக்குள் ஆண்களை விடவில்லை. ஜோசுவா வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். உள்ளே போன இரண்டு பேரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

"இன்னா சொன்னாங்க அத்த?"

"இன்னா சொல்வாங்க. இன்னும் நாளாவுமாம். தினமும் கட்டணுமாம்."

"எவ்ளோ நாளு?"

"அது அவங்க கையில இல்லியாம்" என்று பெருமூச்சு விட்டாள் சவுரியம்மாள்.

அன்றிலிருந்து அவள் போடுகிற கண்டிஷன் இன்னும் ஜாஸ்தியானது. இந்தக் கம்பெனி காஸ் பேட் ஆகாது, அந்தக் கம்பெனி வேண்டும். அது ஆம்பூரில் இல்லை, வாணியம்பாடியில் பாருங்கள். அங்கே இல்லையா, குடியாத்தத்தில் கேளுங்கள். காட்பாடி ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கடை இருக்கிறதாமே. ஜோசுவா பைக்கை எடுத்துக்கொண்டு பாலாற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்தான். மருந்துக் கடைக்காரன் முன்னால் தாடியோடு நின்றால் ஒரு மாதிரி பார்க்கிறான் என்று சவரம் செய்துகொண்டான்.

கட்டுப் போடும் நேரத்தில் அவன் வராந்தாவில் நின்றுகொள்வான். மாமியார் வயிற்றுப் புண்ணை மருமகன் பார்ப்பதில்லை. உள்ளே கதவுக்குப் பின்னால் சில நாள் இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்கும். வலியை மறக்க உமைமா ஏதோ ஜோக் சொல்கிறாள் என்று அவன் நினைத்துக்கொள்வான். நல்ல பெண்.

தினம் அலைவதற்குப் பதில் மொத்தமாக வாங்கிவிட்டால் என்ன என்று ஒருநாள் தோன்றியது. வேலூரில் ஆஸ்பத்திரிச் சாமான்களை மொத்தமாக விற்கும் சீனிவாசன் என்பவரின் நம்பரை வாங்கிப் போன் செய்தான்.

"சார், காஸ் பேடு ஒரு கட்டு வேணும். ஆம்பூருக்கு."

"பேடு ஒரு கேஸா? அனுப்பிட்றேன்."

"ஆமா சார், காஸ்."

"அதான் சார், கேஸ்."

மறுநாள் காலையில் மினி லாரி ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. இரண்டு பேர் ஃப்ரிட்ஜ் உயரத்துக்கு ஓர் அட்டைப் பெட்டியை இறக்கினார்கள். உள்ளே நானூறு பேட். மொத்த வியாபாரிகள் முழுப் பெட்டியைத்தான் கேஸ் என்று சொல்வார்கள் என்பது ஜோசுவாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

போன் செய்தான். சீனிவாசன் பொறுமையாகச் சொன்னார்.

"சார், கிருமி நீக்கின சரக்கு. ஒரு தடவ வெளிய போச்சுன்னா திருப்பி எடுக்க மாட்டோம். வேணும்ன்றவங்களுக்குப் பிரிச்சுக் குடுத்துடுங்களேன்."

வீட்டில் இருப்பதே ஒரு ரூம், ஒரு சமையலறை. சோபனா பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். பக்கவாட்டில்தான் நடக்க முடிந்தது.

"ஏங்க, எங்கம்மாவுக்கு ஒரு புண்ணா, நானூறு புண்ணா?"

ஜோசுவா தலையணையை எடுத்தான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கலாம் என்று பார்த்தால், சுவர் ஓரத்தில் பெட்டி இருந்தது.

உமைமாதான் வழி சொன்னாள். "நான் கட்டுப் போட்ற வூட்ல எல்லாம் பேடு கெடைக்காம பழைய வேட்டியக் கிழிச்சு வெச்சுட்டு இருக்காங்கண்ணா. அட்ரஸ் தர்றேன். கொண்டுபோய் வாங்கின வெலைக்கே குடுத்துட்டு வாங்க."

"நானா? எல்லாரும் கேப்பாங்க, இன்னா வேல பாக்குறன்னு..."

"மாப்பிள்ள" என்றாள் சவுரியம்மாள் கட்டிலில் இருந்து. "அந்தப் பெட்டி என் மேலயே சாயுற மாதிரி நிக்குது. விழுந்துச்சுன்னா மறுபடி குடல் வெளிய வந்துடும். ஒரு இருபதாவது எடுத்துக்கினு போங்க."

போனான்.

முதல் வீட்டில் சர்க்கரைப் புண் காலோடு ஓர் ஓய்வுபெற்ற கண்டக்டர். இரண்டாவது வீட்டில் தோல் பதனிடும் இடத்தில் ஆசிட் பட்ட கையோடு ஒருவர். யாருமே அவனை என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்கவில்லை. "நாளைக்கும் வருவியாப்பா?" என்றுதான் கேட்டார்கள். எந்தப் பேட் ஈரத்தை இழுக்கும், எந்த டேப் வேர்வைக்கு நிற்கும், எதை உரித்தால் முடியும் சேர்ந்து வரும் என்று அவனுக்கு இப்போது எல்லாம் தெரிந்திருந்தது. மாமியார் ரிஜெக்ட் செய்து ரிஜெக்ட் செய்து கற்றுக்கொண்டது.

மாதனூர் பக்கத்தில் முனிரத்தினம் என்ற விவசாயி வீடு ஏழாவது. அவருக்கும் குடல் ஆபரேஷன்தான். ஆனால் குடலின் முனையை வயிற்றில் வெளியே எடுத்துவிட்டு, அதன்மேல் ஒரு பை ஒட்டியிருந்தார்கள். மலம் அந்தப் பைக்குள் இறங்கும். ஜோசுவா போனபோது அவர் வேட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள் வர மறுத்தார்.

"பை ஒழுவுதுபா. எங்க ஒக்காந்தாலும் நாறுது. பேத்தி கல்யாணம் வருது, நான் போவப் போறதில்ல. இங்கயே கெடந்துட்டுப் போறேன்."

அதைச் சொல்லிவிட்டு அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்படி முகத்தைத் திருப்பிக்கொள்வது ஜோசுவாவுக்குப் பழக்கமான காரியம். மாதக்கணக்கில் அவன் செய்தது அதுதான். அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்தான்.

"பெரியவரே, அந்தப் பைய ஒருதடவ காட்டுங்க."

பையில் ஒட்டுகிற வட்டத்தின் நடுவே, குடல் முனை நுழைகிற அளவுக்குத் துளை வெட்டிக்கொள்ள வேண்டும். வீட்டில் யாரோ கத்தரிக்கோலால் கண்ணளவில் வெட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் பெரிதாக, ஒரு பக்கம் கோணலாக. ஜோசுவா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். வாயிலிருந்து தானாக வந்தது: "ரிஜெக்ட்."

உமைமாவுக்குப் போன் போட்டு வரவழைத்தான். அவள் சுத்தம் செய்து அளவு சொல்ல, இவன் அட்டையில் ஒரு பேட்டர்ன் வெட்டினான். முழு வட்டம் இல்லை, கீழே லேசாக நீண்ட முட்டை வடிவம். அதை வைத்து வரைந்து, உள்ளே வளைவாக, ஒரே மூச்சில் வெட்டினான். பத்தொன்பது வருஷத்துக் கை. ஒரு நூல் பிசகவில்லை. உமைமா ஒட்டினாள்.

மறுநாள் ஒழுகவில்லை. அதற்கடுத்த நாளும் ஒழுகவில்லை. மூன்றாம் நாள் முனிரத்தினம் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகைக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். ஜோசுவாவின் பெயரையும் எழுதியிருந்தார்.

அதற்கப்புறம் போன் நிற்கவில்லை. "பைக்கு ஓட்டை வெட்றவரு நீங்கதானே?" என்று வாணியம்பாடியிலிருந்து கேட்டார்கள், குடியாத்தத்திலிருந்து கேட்டார்கள். ஃப்ரிட்ஜ் உயரப் பெட்டி மடித்து மூலையில் வைக்கும் அட்டையாகிவிட்டது. இரண்டாவது பெட்டிக்கு அவனே போன் செய்தான். இந்தத் தடவை கேஸ் என்று தெளிவாகவே சொன்னான்.

சீனிவாசன் சந்தேகப்பட்டார். "சார், போன பெட்டி தப்பா வந்துச்சுன்னீங்க. இது யாருக்கு?"

சொன்னான். அப்புறம் அவர் கேட்டார், "நாளைக்கு வேலூர் வர முடியுமா உங்களால?"

போய் வந்தான். திரும்பும்போது கையில் ஒரு கடிதம் இருந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுப் பக்கம் முழுக்க வீடு வீடாகப் போய், யாருக்கு எது பொருந்தும் என்று பார்த்து, அளவெடுத்துக் கொடுக்க ஆள். மாதச் சம்பளம். திங்கட்கிழமை சேர வேண்டும்.

வீட்டில் அதைப் படித்த சோபனா அழுதுவிட்டாள். சவுரியம்மாள் கடிதத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் பார்த்தாள். முத்திரை இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா, தேதி சரியா.

"பாஸ்" என்றாள்.

ஜோசுவா சத்தம் போட்டுச் சிரித்தான். வீடு அந்தச் சிரிப்பைக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம். உமைமா கட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்து ஸ்கூட்டியை எடுக்கும்போது ஜோசுவா வாசல் கேட் வரைக்கும் பின்னாலேயே போனான். இரண்டு நாளாக மனதை உறுத்திக்கொண்டிருந்த விஷயம்.

"உமைமா, உண்மையச் சொல்லு. திங்கள்லேருந்து நான் வேலைக்குப் போய்ட்டா, அத்தைக்குச் சாமான் வாங்க ஆள் இல்ல. சோபனாவும் இருக்கமாட்டா. அவங்கள இப்படி விட்டுட்டுப் போறதுக்கு மனசு வரல. ஒண்ணரை மாசம் ஆவப்போவுது, இன்னும் ஆறலன்னா உள்ள இன்னாவோ தப்பா இருக்குது. சென்னைக்குக் கூட்டினு போய்க் காட்டட்டுமா? நீ சொன்னா வேலையத் தள்ளிப் போட்டுட்றேன்."

"ஐயையோ, தள்ளிப் போட்டுடாதீங்கண்ணா!" உமைமா ஸ்கூட்டியை அணைத்துவிட்டாள். "புண்ணு இன்னிக்கே ஆறிடும்."

"இன்னிக்கேவா? அதெப்படி ஆறும்?"

உமைமா ஜன்னல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அது மூடி இருபத்தி மூணு நாளாச்சுண்ணா, எங்க மாப்பிள்ளைக்கு வேல கெடைக்கிற வரைக்கும் எனக்கு ஆறக் கூடாதுன்னு உங்க அத்தைதான் என்கிட்ட சத்தியம் வாங்கினாங்க."